நூற்றெண்பது நாட்கள்

ஒரு கோப்புக்குக் ‘கடைசி’ என்று பெயர் வைத்துவிட்டு, அடுத்த வாரம் ‘கடைசி 2’ என்றும், அதற்கடுத்த வாரம் ‘உண்மையான கடைசி’ என்றும் பெயர் வைப்பவர்களை எனக்குப் புரிவதே இல்லை. எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அப்படித்தான். நான் வேலையில் சேர்ந்த அன்று சர்வரில் ‘புதிய கோப்புறை’ என்ற பெயரில் மட்டும் நாற்பத்தொரு கோப்புறைகள் இருந்தன. அவற்றில் பதினாறு காலி.

இந்த விசாரணையில் ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். எனக்கு ஆரம்பம் அதுதான்.

நான் படித்தது உயிர்வேதியியல். ஆய்வுக்கூட வேலைக்கு இருபத்து மூன்று விண்ணப்பங்கள் போட்டேன். நேர்காணலுக்கு நான்கு இடங்களில் கூப்பிட்டார்கள். எனக்கு ஆட்கள் முன்னால் பேச வராது. கேள்வி புரியும், பதிலும் தெரியும், வாய் திறப்பதற்குள் அவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். கடைசியில் நான் பிறந்த தோட்டத்தின் அலுவலகத்திலேயே தரவு உதவியாளர் வேலை கிடைத்தது. சுவாவிலிருந்து ரெம்பாவ் வரைக்கும் கம்பெனிக்கு ஆறு செம்பனை எண்ணெய்த் தோட்டங்கள். ஆறுக்கும் சேர்த்து ஒரே சர்வர், எங்கள் அலுவலகத்தின் பின்னறையில். அந்த அறையில் குளிர்சாதனம் எப்போதும் ஓடும். யாரும் வர மாட்டார்கள். எனக்கு அது வசதியாக இருந்தது.

2022 நவம்பரில் சேமிப்பு இடம் நிறைந்துபோனது. டிரோன் படங்கள், கேமராப் பதிவுகள், யாரும் திறக்காத பழைய அறிக்கைகள். புதிய வட்டு வாங்கித் தர மேனேஜர் மறுத்தார். “வேணாததத் தூக்கிப் போடு லா, ரோகினி,” என்றார். எதையும் தூக்கிப் போடுவது சரியில்லை என்று நான் நினைத்தேன். எது வேண்டும், எது வேண்டாம் என்று இன்றைக்கு எப்படித் தெரியும்? அதனால் ஒரு சிறிய நிரல் எழுதினேன். முப்பத்தெட்டு வரி. அது தினமும் மதியம் ஒரு மணிக்கு, எல்லோரும் சாப்பிடப் போகும்போது, சர்வரைச் சுற்றிவரும். நூற்றெண்பது நாட்களாக யாரும் திறக்காத கோப்பை எடுத்து, ‘லாமா’ என்ற கோப்புறைக்கு மாற்றிவிடும். லாமா என்றால் மலாயில் பழையது. அந்தக் கோப்புறை மலிவான, மெதுவான ஒரு வட்டில் இருந்தது. அங்கே போன கோப்பை யாராவது திறந்தால், மறுநாள் ஒரு மணிக்கு நிரல் அதைப் பழைய இடத்துக்கே திருப்பிக் கொண்டுவந்துவிடும். ஒருமுறை பார்த்தால் போதும்.

நான் எதையும் அழிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்றைக்குக்கூட எல்லாம் அங்கேயே இருக்கின்றன. நீங்களே திறந்து பார்த்தீர்கள்.

இனி புஷ்பவள்ளி அத்தையைப் பற்றிக் கேட்பீர்கள்.

அவர் எனக்குச் சொந்த அத்தை இல்லை. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் எங்களுக்கு மூன்றாவது வீடு. என் அம்மா செல்லம்மாவுக்கு நெருங்கிய தோழி. இருவரும் மருந்து அடிக்கும் கூட்டத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தார்கள். பத்தொன்பது பெண்கள். அத்தைதான் அந்தக் கூட்டத்தை மேற்பார்க்கும் மண்டோர். உரத்த குரல். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் அவர் சிரித்தால் அலுவலகத்தின் பின்னறைவரை கேட்கும். நான் சொன்னேனே, குளிர்சாதனம் ஓடும் அறை. அதையும் மீறிக் கேட்கும்.

எனக்கு ஏழு வயதிலேயே பெயர் வைத்துவிட்டார். ஊமைக் கோட்டான். பிறகு சுருங்கிக் கோட்டான் ஆனது. பள்ளிப் பேருந்தில் கோட்டான். கோயிலில் கோட்டான். பல்கலைக்கழகத்திலிருந்து பட்டத்தோடு வந்த அன்று லயத்தின் முனையில் நின்று சொன்னார்:

“வாங்கடி, வாங்க. கோட்டானுக்குப் பட்டம் குடுத்துட்டானுங்களாம். கேள்வி கேக்கும்போது வாயத் தொறந்தாளா, இல்ல, கண்ண முழிச்சே பாஸ் பண்ணிட்டாளா?”

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். பிறகு அத்தை என்னைக் கட்டிக்கொண்டு நெற்றியில் முத்தம் கொடுத்தார். அவர் மேலிருந்து மருந்து வாடை வந்தது. இதையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை. அவருடைய இயல்பு அது. எனக்கு அவர்மேல் கோபம் எதுவும் இருந்ததில்லை.

2022 ஜனவரியில் செம்பனையில் பைப்புழு விழுந்தது. ஓலை ஓலையாகத் தின்றது. கம்பெனி புழு மருந்து இறக்கியது. சாதாரணப் புல் மருந்து போல இல்லை, இது நரம்பைத் தாக்கும் வகை. அதனால் அடிக்கிறவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். இரத்தத்தில் ஒரு நொதி இருக்கிறது. அந்த மருந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். பெயர் நீளமானது. தோட்டத்தில் அதை ‘நம்பர்’ என்றுதான் சொல்வார்கள்.

இந்த நம்பரில் ஒரு சிக்கல் உண்டு. உங்களுக்கு இது முக்கியம் என்று நினைக்கிறேன். ஆய்வுக்கூடம் அனுப்பும் தாளில் ஐயாயிரத்து முந்நூறிலிருந்து பன்னிரண்டாயிரத்துத் தொள்ளாயிரம்வரை சரி என்று போட்டிருக்கும். ரொம்ப அகலமான வரம்பு. ஒருத்திக்கு உடம்பில் இயல்பாகவே ஆறாயிரம் இருக்கும். அவளுக்கு அது நல்ல நம்பர். இன்னொருத்திக்கு இயல்பாகப் பன்னிரண்டாயிரம் இருக்கும். அவளுக்கு ஆறாயிரம் என்றால் பாதி போய்விட்டது என்று அர்த்தம். தாளில் இரண்டும் சரி என்றே வரும். அதனால் ஒருவரை அவருடைய முதல் நம்பரோடு மட்டும்தான் ஒப்பிட வேண்டும். மருந்தைத் தொடுவதற்கு முன்னால் எடுத்த நம்பர். அதிலிருந்து மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் உடனே மருந்து வேலையிலிருந்து எடுத்துவிட வேண்டும். இது கம்பெனி விதி.

புஷ்பவள்ளி அத்தையின் முதல் நம்பர் பதினோராயிரத்து எண்ணூறு. பத்தொன்பது பேரில் அவருக்குத்தான் அதிகம். அன்றைக்கு அதையும் களத்தில் நின்று சொல்லிச் சிரித்தார், தேர்வில் முதல் மார்க் வாங்கியதுபோல. “பாத்துக்குங்கடி, ஒங்க எல்லாரையும் தூக்கிப் போட்டுட்டுத்தான் நான் போவேன்.”

டிரெஸ்ஸர் கணேசமூர்த்தி, தோட்டத்து மருத்துவ உதவியாளர், நல்ல மனிதர். மூன்று தோட்டங்களின் கிளினிக்குகளை ஒரு மோட்டார் சைக்கிளில் சுற்றிவந்து பார்க்கிறார். அவர் ஒவ்வொரு தாளையும் எடுத்து ஒப்பிட முடியாது. அதற்கு ஒரு பட்டியல் உண்டு. புதிய நம்பர் வந்ததும், அந்த ஆளின் கோப்புறையில் இருக்கும் பழைய நம்பர்களைக் கணினியே பார்த்து, மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தால் அந்த வரியைச் சிவப்பாக்கும். பழைய கோப்பு எதுவும் இல்லையென்றால் ‘புதியவர்’ என்று வெள்ளையாக விடும். டிரெஸ்ஸர் சிவப்பு வரிகளை மட்டும் பார்ப்பார். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன்.

2022 நவம்பர் கடைசியில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். நீங்கள் இதைக் கேட்கவில்லை. ஆனால் அம்மா உங்களிடம் சொல்லியிருப்பார் என்று தெரியும். அதனால் நானே சொல்கிறேன்.

கோலா பிலாவிலிருந்து வந்தார்கள். பெயர் புனிதன். அங்கே ஒரு பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். எங்கள் இருவரையும் வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கிற குழாயடிக்கு அனுப்பினார்கள். அவரும் அதிகம் பேசமாட்டார் என்று பார்த்த உடனே தெரிந்தது. கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக் காயவைப்பதுதான் தனக்குப் பிடித்த வேலை என்றார். தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருப்பாராம். எனக்கும் அப்படித்தான் என்றேன். ஃபார்மலின் வாடை எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது என்றார். எலுமிச்சம்பழத்தோல் போட்டுப் பாருங்கள் என்றேன். பதினோரு நிமிடம் பேசினோம். அதற்கு முன்னால் அறிமுகமில்லாத ஒருவரிடம் நான் அவ்வளவு நேரம் பேசியதில்லை. அதற்குப் பிறகும் இல்லை, இன்று உங்களோடு பேசுவதைத் தவிர.

உள்ளே வந்தபோது அத்தை கேசரித் தட்டோடு நடுவீட்டில் நின்றிருந்தார். பையனின் அம்மாவிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

“கோட்டான்னு நான் வெளயாட்டுக்குச் சொல்றதுதான்மா. என் பிள்ள மாதிரி. அஞ்சு வயசுல தீமிதி அன்னிக்குக் கோயில்ல இவளுக்கு வலிப்பு வந்துருச்சி. கண்ணு சொருகிப் போச்சி. ஒருத்தருக்கும் கை கால் ஓடல. நாந்தான் இடுப்புல இருந்த சாவிக் கொத்த உருவி இவ கையில வச்சி அமுக்குனேன். அப்பிடியே தூக்கிட்டு ஓடிப்போய் ஒரு லாரிய நிறுத்தி ரெம்பாவ் கொண்டு போனேன். இல்லன்னா இன்னிக்கு ஒங்களுக்கு மருமக ஏது?”

அவர் கண்கள் கலங்கியிருந்தன. பெருமையாகத்தான் சொன்னார். நடந்ததும் உண்மை. ஆனால் அது காய்ச்சல் வலிப்பு. சிறு குழந்தைகளுக்கு வருவது. பிறகு ஒருமுறைகூட எனக்கு வந்ததில்லை. அதை நான் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. பையனின் அம்மா தேநீர்க் குவளையைத் தட்டில் திரும்ப வைத்தார். அதில் பாதிக்கு மேல் மீதி இருந்தது.

வியாழக்கிழமை தொலைபேசி வந்தது. ஜாதகம் சரியில்லையாம்.

அத்தைக்குக் கடைசிவரை காரணம் தெரியாது. அன்று சாயங்காலம் ஆப்பம் சுட்டு எடுத்துக்கொண்டு வந்தார். “போனா போறான் லா, கோட்டான். கோலா பிலாக்காரன் எல்லாம் கஞ்சப் பயலுங்க. ஒனக்குன்னு ஒருத்தன் எங்கயோ முழிச்சிக்கிட்டு இருப்பான்.” நான் ஆப்பத்தைச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

நிரலை அதற்கு அடுத்த வாரம் எழுதினேன். வட்டு நிறைந்ததால் எழுதினேன். இந்த இரண்டுக்கும் தொடர்பில்லை.

நூற்றெண்பது என்ற எண்ணையும் யோசித்து வைக்கவில்லை. அரை வருடம் என்று மனத்தில் இருந்தது, முழு எண்ணாகப் போட்டேன். ஆனால் இரத்தப் பரிசோதனை சரியாக இருபத்தாறு வாரத்துக்கு ஒருமுறை, திங்கட்கிழமை. இருபத்தாறு வாரம் என்றால் நூற்றெண்பத்திரண்டு நாள். போன பரிசோதனை அன்று திறந்த கோப்புகள், அடுத்த பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்னால் லாமாவுக்குப் போய்விடும். 2023 ஜனவரி 9 அன்று அதுதான் நடந்தது. டிரெஸ்ஸர் கூப்பிட்டார்.

“ரோகினி, என்னம்மா இது, பத்தொன்பது பேரும் புதுசுன்னு காட்டுது? பழைய நம்பரெல்லாம் எங்க பூட்டுச்சி?”

“இருக்கு சார். எடம் மாத்தியிருக்கு. இப்ப எடுத்துக் குடுக்குறேன்.”

 உண்மையாகவே பயந்தேன். பத்தொன்பதில் ஒன்று என் அம்மாவுடையது. உடனே எல்லாக் கோப்புகளையும் திரும்பக் கொண்டுவந்தேன். டிரெஸ்ஸர் பட்டியலை மறுபடி ஓட்டினார். சிவப்பு ஒன்றும் இல்லை. அத்தைக்கு எட்டாயிரத்து முந்நூறு. குறைந்திருந்தது, ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி. “அடுத்த தடவ இந்தம்மாவப் பாக்கணும்,” என்றார் டிரெஸ்ஸர். ஆனால் எழுதி வைக்கவில்லை. அவருக்குக் கணினி பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. அந்தக் கணினிக்கு நிரல் எழுதியவள் நான்.

இனி இப்படி நடக்கக் கூடாது என்று அன்று மாலையே ஒரு விலக்குப் பட்டியல் உண்டாக்கினேன். அதில் பெயர் உள்ளவர்களின் கோப்புகளை நிரல் எப்போதும் தொடாது. எத்தனை நாள் திறக்காமல் கிடந்தாலும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அந்தப் பட்டியலில் பதினெட்டுப் பெயர்கள் இருக்கின்றன.

ஏன் பதினெட்டு என்று முதல் நாளே கேட்டீர்கள். ஒரு சோதனை செய்யும்போது எதையும் செய்யாமல் ஒரு மாதிரியைத் தனியாக வைக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். விதி சரியாக ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள, விதிக்கு உட்பட்ட ஒரு கோப்பாவது அந்தக் கோப்புறையில் இருக்க வேண்டும். அப்படித்தான் நினைத்தேன் என்று அன்று பதில் சொன்னேன். இப்போதும் அந்தப் பதிலில் தவறு இருப்பதாகத் தோன்றவில்லை.

விதி சரியாக ஓடியது. 2023 ஜூலை 8, சனிக்கிழமை, ஒரு மணிக்கு அவருடைய கோப்புகள் லாமாவுக்குப் போயின. திங்கட்கிழமை பரிசோதனை. ஏழாயிரம். முதல் நம்பரோடு வைத்துப் பார்த்தால் அன்றே சிவப்பு. பட்டியலில் புதிதாகச் சேர்ந்த வங்காளதேசத் தொழிலாளர்கள் ஐந்து பேர் வெள்ளையாக இருந்தார்கள். ஆறாவது வெள்ளையை யாரும் கவனிக்கவில்லை.

அந்த ஆறு மாதமும் நான் அவர் கோப்பைத் திறக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். திறந்திருந்தால் திரும்ப வந்திருக்கும். திறக்க வேண்டிய தேவையும் எனக்கு இல்லை. எனக்கு எண்கள் மறக்காது.

அந்த வருட தீபாவளிக்குப் பிறகு அத்தையின் சிரிப்பு குறைந்தது. காலையில் களத்தில் உட்கார இடம் தேடினார். வியர்வை கொட்டியது. சாயங்காலம் ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியவில்லை என்று அம்மாவிடம் கொடுப்பார். “வயசாச்சில்ல,” என்பார் அம்மா. ஐம்பத்திரண்டு வயது. பின்னறையில் குளிர்சாதனத்தின் சத்தம் மட்டும் கேட்கத் தொடங்கியது. நான் அதைக் கவனித்தேன். கவனித்தேன் என்றுதான் சொல்கிறேன், வேறொன்றும் சொல்லவில்லை.

2024 ஜனவரியில் ஆறாயிரத்து இருநூறு. மறுபடி வெள்ளை.

பிப்ரவரியில் ஒருநாள் வேலை முடிந்து அவரே அலுவலகத்துக்கு வந்தார். பின்னறைக்கு வந்தார். அந்த அறைக்கு என்னைத் தேடி வந்த ஒரே ஆள் அவர்தான். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அடியே கோட்டான், ஒன்னோட பொந்து இதானா? ஐஸ் பொட்டி மாதிரில்ல இருக்கு.”

“உக்காருங்க அத்த.”

“உக்காந்தா எந்திரிக்க முடியாது லா. ஒண்ணு கேக்கணும். ஒரு மாசமா கையி காலெல்லாம் துடிக்கிது. தல பாரமா இருக்கு. டிரெஸ்ஸர் கிட்ட கேட்டா நம்பரு நார்மல்னு சொல்லிட்டுப் போறாரு. நீ படிச்சவ. நீ பாத்துச் சொல்லு. எனக்கு எவ்ளோ இருக்கு?”

“ஆறாயிரத்து எரநூறு.”

“அது நல்லதா?”

“தாள்ல நார்மல்னுதான் போட்டுருக்கு அத்த.”

“மொதல்ல எனக்கு ரொம்ப இருந்துச்சே. எவ்ளோ இருந்துச்சி? ஒங்கம்மாகிட்டகூடச் சொல்லிச் சிரிச்சேனே.”

“அது பழைய ஃபைல். இங்க இல்ல.”

“தேடிப் பாரேன் லா.”

“தேடணும்னா நேரமாகும்.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். “சரி, விடு. நீ நார்மல்னு சொன்னாப் போதும். டிரெஸ்ஸரு மாதிரி நீ எனக்குப் பொய்யா சொல்லப் போற?”

நான் பொய் சொல்லவில்லை. நீங்கள் அந்தப் பேச்சை வரிவரியாகப் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு வரியும் உண்மை. போகும்போது என் தலையில் கை வைத்து அழுத்தினார். அந்தக் கை துடித்துக்கொண்டிருந்தது, தோலுக்கு அடியில் எறும்பு ஊர்வதுபோல. இரண்டு கிளிக்கில் அந்தக் கோப்பு என் திரைக்கு வந்திருக்கும். அவர் போனபின் வேறு வேலையைப் பார்த்தேன்.

மார்ச் 14, வியாழக்கிழமை. காலை பத்தேகால் இருக்கும். தோட்டத்தின் பன்னிரண்டாம் நம்பர் காட்டில் அத்தை விழுந்துவிட்டார் என்று மேனேஜருக்கு அழைப்பு வந்தது. முதுகுப் பம்பின் மூடி சரியாக இறுகாமல் மருந்து சட்டை முழுக்க ஒழுகியிருந்தது. வேறு யார்மேல் ஒழுகியிருந்தாலும் இரண்டு நாள் தலைவலியோடு போயிருக்கும். டிரெஸ்ஸர் அப்போது அடுத்த தோட்டத்தில் இருந்தார். மேனேஜரின் கார் சிரம்பானில். “ரோகினி, ஒன் காடிய எடுத்துக்கிட்டு ஓடு,” என்றார்.

போனேன். பாதை ஓரத்தில் பதினெட்டுப் பெண்களும் சுற்றி நின்றார்கள். அத்தை தரையில் கிடந்தார். உடம்பு முறுக்கி உதறியது. வாயில் நுரை. அம்மா அவர் தலையை மடியில் வைத்திருந்தார்.

“காக்கா வலிப்புடி. இரும்பு எதாச்சும் இருக்கா? கத்தி எல்லாம் லாரியில போயிருச்சே. ரோகினி, ஒன் சாவிக் கொத்தக் குடு, சீக்கிரம்.”

நான் குனிந்து அத்தையின் முகத்தைப் பார்த்தேன். கண்ணின் பாவை ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. வலிப்பில் பாவை விரியும். சுருங்காது. மருந்துதான் சுருக்கும். மூன்றாம் ஆண்டில் அந்தப் படத்தை நான் நோட்டில் வரைந்திருக்கிறேன். கிளினிக் அலமாரியின் இரண்டாவது தட்டில் அதற்கான ஊசிமருந்து இருப்பதும் எனக்குத் தெரியும். இருப்புப் பட்டியலைத் தட்டச்சு செய்தவள் நான்தான்.

சாவிக் கொத்தைக் கொடுத்தேன். அம்மா அதை அத்தையின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். விரல்கள் தாமாகவே இறுகிக்கொண்டன.

வலிப்பு நிற்கும்வரை கையிலிருந்து இரும்பை எடுக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எடுத்தால் போனது திரும்பி வரும் என்பார்கள். எனவே யாரும் எடுக்கவில்லை. என் காடிச் சாவியும் அந்தக் கொத்தில்தான் இருந்தது. கூட்டத்திலிருந்த மாரியம்மா அக்கா ஒருமுறை கேட்டார். “காடியில ஏத்திரலாமா?” “வலிப்பு நிக்கட்டும்,” என்று யாரோ சொன்னார்கள். நான் சொல்லவில்லை. நான் எதுவும் சொல்லவில்லை. பதினான்கு நிமிடம் அப்படி நின்றோம்.

டிரெஸ்ஸர் மோட்டாரில் வந்தார். முதலில் மருந்தா என்றுதான் சந்தேகப்பட்டார், அதை அவருக்காகச் சொல்ல வேண்டும். கைபேசியில் பட்டியலைத் திறந்தார். ஆறாயிரத்து இருநூறு. வெள்ளை வரி. இரண்டு மாதத்துக்கு முன்புதான் எடுத்தது. “நம்பரு நல்லா இருக்கே,” என்றார் தனக்குள். பிறகு என்னைப் பார்த்தார். “இதுக்கு முன்னாடி நம்பரு ஏதாச்சும் இருக்கா, ரோகினி?”

“சிஸ்டத்துல என்ன காட்டுதோ அதான் சார்.”

அதன்பிறகு அவர் ஊசியைப் பற்றி யோசிக்கவில்லை. உதறல் நின்றபின் விரல்களைப் பிரித்துச் சாவியை எடுத்தோம். ரெம்பாவ் போகும் வழியில், பின் இருக்கையில், அம்மாவின் மடியில் அவர் இறந்தார். நான் கண்ணாடியில் பார்க்கவில்லை. சாலையைப் பார்த்து ஓட்டினேன். நான் கவனமாக ஓட்டுவேன்.

அத்தையின் கணவர் தங்கராஜு மாமா பதினாறாம் நாள் முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்தார். அன்று காடியை நிறுத்தியபின் சாவிக் கொத்து மறுபடியும் அத்தையின் துணிகளோடு போய்விட்டிருந்தது. இரண்டாவது சாவியை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். மாமா கொத்தை மஞ்சள் தண்ணீரில் கழுவித் துடைத்துக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

“கடைசில ஒன் சாவிதாம்மா அவ கையில இருந்துச்சி. ஒனக்கு அவ செஞ்சத நீ திருப்பிச் செஞ்சிட்ட. நல்லா இரு.”

வாங்கிக்கொண்டேன். 

இதுதான் நடந்தது. புழு மருந்தை நான் வாங்கவில்லை. பம்பின் மூடியை நான் திறக்கவில்லை. டிரெஸ்ஸரை ஊசி போட வேண்டாம் என்று தடுக்கவில்லை. பழைய கோப்புகளை ஒழுங்காக வேறோர் இடத்துக்கு மாற்றும் ஒரு விதியை எழுதினேன், அது எல்லாக் கோப்புக்கும் பொதுவான விதி. எதையும் அழிக்கவில்லை என்று உங்களிடம் சொன்னேன். முதல் நாள் சொன்னேன், நேற்றும் சொன்னேன், இன்று ஆரம்பத்திலும் சொன்னேன்.

அதைத் திருத்திக்கொள்ள வேண்டும். நேற்று தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஹேமநாதன் விலக்குப் பட்டியலின் பழைய பதிவுகளை எடுத்து உங்களிடம் கொடுத்தார் என்று தெரியும். அவர் என்னைப் பார்க்காமல் வெளியே போனதிலிருந்து தெரிந்துகொண்டேன். 2023 ஜனவரி 9, மாலை 4.10-க்குச் சேமித்த பதிவில் பத்தொன்பது பெயர்கள் இருக்கும். 4.31-க்குச் சேமித்ததில் பதினெட்டு.

பத்தொன்பதாவது பெயரை நான்தான் எழுதினேன். மறக்கவில்லை. எழுதிச் சேமித்துவிட்டு எழுந்திருக்கப் போனேன். அப்போது வெளியே களத்தில் அவர் யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரித்தார். மறுபடி உட்கார்ந்தேன். இருபத்தொரு நிமிடம் அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அழித்தேன். அந்த ஒரு வரியைத் தவிர இந்த வேலையில் நான் எதையும் அழித்ததில்லை.

ஆனால் நீங்கள் நினைப்பதுபோல அது கோபத்தில் செய்தது இல்லை. கோபமாக இருந்திருந்தால் முழு வரியையும் ஒரே தட்டில் அழித்திருப்பேன். நான் ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன்.